ஏழாவது கேள்வி

14

போன வாரம் அலைபேசி அடித்துக்கொண்டிருந்தபோது அவளை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாக அடித்துக்கொண்டிருக்கிறது. இனியாவது எடுக்க விடுவோம்.

அதற்கு முன், இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. காலணித் தொழிற்சாலை ஒன்று. அவர் அங்கே தோல் வெட்டும் பிரிவில் மாஸ்டர். அவர் மனைவியான அவள் அதே தொழிற்சாலையில் சம்பளப் பிரிவு. பத்து வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கேட்டில் பூட்டுத் தொங்கியது. ஒரு வீட்டின் இரண்டு சம்பளமும் ஒரே நிமிஷத்தில் நின்றுபோயின. கணக்கு முடித்துப் பாதித் தொகை தந்தார்கள். மீதி, இயந்திரங்கள் விற்ற பிறகு என்றார்கள். இயந்திரங்கள் இன்னும் அங்கேயேதான் தூசி படிந்து நிற்கின்றன.

அவள் எடுத்தாள்.

“நான்தான், பாலிசி அக்கா. மக பிரசவத்துக்குப் போயிட்டு நேத்துதான் வந்தேன். வந்து லிஸ்ட்டைப் பார்த்தா உங்க பேருக்கு நேரா சிவப்புக் கோடு. பணம் கட்டலையா?”

“எந்தப் பணம்க்கா?”

“என்னம்மா இப்படிக் கேக்கறே? மெடிக்கல் பாலிசிக்கு. தேதி முடிஞ்சு முப்பது நாள் டைம் குடுப்பாங்க. அதுவும் சனிக்கிழமையோட போச்சு. இன்னைக்குத் திங்கள்.”

‘அது பேங்க்லேர்ந்து தானா போயிடுமே’ என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். தானாகப் போவதை நிறுத்தியது யார் என்று அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

வேலை போன நாலாம் நாள், அவள்தான் வங்கிக்குப் போய் ஒரே தாளில் எல்லாத் தானியங்கிப் பிடித்தங்களையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். அவசரத்தில் செய்ததல்ல. பத்தொன்பது வருஷம் சம்பளம் போட்டவளின் வழி அது. தொழிற்சாலையில் பிடித்தங்கள் சிக்கலானால் அவள் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடுவாள். எவன் வந்து மேஜையைத் தட்டுகிறானோ, அவனுடையதை மட்டும் திறந்துவிடுவாள். ‘தட்டாதவனுக்கு அவசரம் இல்லை’ என்பது அவள் சித்தாந்தம். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று. இணையக் கம்பெனிக்காரன் தட்டினான், திறந்துவிட்டாள். மின்சாரம் தட்டியது, திறந்தாள். மூன்று பத்திரிகை, ஒரு நீச்சல் குளம், மாஸ்டர் மறந்தே போன ஒரு சீட்டாட்ட கிளப் சந்தா எல்லாம் தட்டாமலே செத்தன. அன்றைக்கு அவள் பெருமையாகக்கூட இருந்தாள்.

பாலிசியும் தட்டத்தான் செய்தது. ஆனால் தட்டியதெல்லாம் அவளுடைய தொழிற்சாலை மின்னஞ்சலுக்கும், தொழிற்சாலை கொடுத்த சிம்முக்கும். கடைசி நாளன்று கையெழுத்துப் போட்டு இரண்டையும் ஒப்படைத்துவிட்டுத்தான் வெளியே வந்திருந்தாள்.

“அக்கா, இப்ப என்ன பண்றது?”

“இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பணமும் ஃபாரமும் கொண்டுபோனா, மேனேஜர்கிட்டச் சொல்லிப் பழைய பாலிசிக்கே உயிர் குடுத்துடலாம். எனக்காக ஒரு தடவை செய்வார். நாளைக்குன்னா புதுசுதான். புதுசுன்னா பழைய வியாதி எதுக்கும் மூணு வருஷம் கிடையாது. சிஸ்டம்ல மூடிட்டதால ரொக்கமாத்தான் வாங்குவாங்க.”

“ஃபாரம்னா?”

“உடம்பு நல்லா இருக்குன்னு நீங்க ரெண்டு பேரும் எழுதிக் குடுக்கணும். மாஸ்டர் எங்கே?”

“இன்டர்வியூவுக்குப் போயிருக்கார்.”

“நாலு மணிக்கு வீட்ல இருக்கச் சொல்லு. நான் வண்டியில வந்துடறேன். உங்க ரெண்டு பேருக்கும்தான் கல்லு மாதிரி உடம்பாச்சே, அஞ்சு நிமிஷ வேலை.”

மகளையும் சேர்த்து மூன்று பேருக்கான தொகை கிட்டத்தட்ட இரண்டு மாத வாடகை. அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வாடகைக்காக வைத்திருந்ததை எடுத்துவிடலாம், வீட்டுக்காரரிடம் பல்லைக் காட்டலாம். பதினொரு வருஷம் ஒரு நாள் தவறாமல் கட்டிய பாலிசியின் கழுத்தைத் தன் கையாலேயே நெரித்துவிட்டதை அவரிடம் எந்த வாயால் சொல்வது என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

வேலை போன அன்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இருவரும் ஒரு சத்தியம் செய்திருந்தார்கள். பண விஷயத்தில் ஒளிவு மறைவு கூடாது. சத்தியத்தை முன்மொழிந்தவள் அவள். அதனால் கூடுதலாக வலித்தது.

வங்கி வரிசையில் நின்றுகொண்டே அவரைக் கூப்பிட்டாள்.

“எங்கே இருக்கீங்க?”

“இங்கதான். ஏன்?”

“மூணரைக்குள்ள வீட்டுக்கு வாங்க. ஒரு விஷயம் பேசணும்.”

“என்ன விஷயம்?”

“நேர்ல சொல்றேன். வந்துடுங்க.”

அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார். கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

கோபமாவது ஒன்றாவது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார் மாஸ்டர்.

அவர் அப்போது பேருந்து நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார். இன்டர்வியூ பத்தே நிமிஷத்தில் முடிந்திருந்தது. “அனுபவம் எல்லாம் சரி, மாஸ்டர். மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டுவாங்க, நாளைக்கே சேர்த்துக்கறோம்” என்றார்கள். கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தச் சர்டிபிகேட்டை அவருக்கு யாரும் தரப்போவதில்லை.

ஒன்பது நாளைக்கு முன் ஒரு பை தயாரிக்கும் கம்பெனி அவரை வேலைக்கு எடுத்தது. எடுத்துவிட்டு, வழக்கமான பரிசோதனைக்கு அனுப்பியது. இதயத்துடிப்பு எழுதிய நீளக் காகிதத்தை அந்த டாக்டர் ஜன்னல் பக்கம் திருப்பி இரண்டு தடவை பார்த்தார்.

“மாடி ஏறினா நெஞ்சு கனக்குதா?”

“கொஞ்சம்.”

“எவ்வளவு நாளா?”

“வேலை போனதிலேர்ந்து. கவலைன்னு நினைச்சேன்.”

“கவலை காகிதத்துல இப்படித் தெரியாதுங்க.” டாக்டர் ஒரு கடிதம் எழுதினார். உடனே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும், குழாய் விட்டுச் செய்யும் பரிசோதனை தேவைப்படலாம், அதுவரை எந்த வேலையும் கூடாது. பை கம்பெனி உடனே வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது.

வீட்டில் அவர் சொன்னது, “சம்பளம் ரொம்பக் கம்மி, நானே வேண்டாம்னுட்டேன்.”

சத்தியத்தை அவரும் மறக்கவில்லை. அது பண விஷயத்துக்குத்தானே, இது நெஞ்சு விஷயம் அல்லவா என்று தனக்குத் தானே வாதாடிக்கொண்டார். அதோடு பாலிசிதான் இருக்கிறதே. முதலில் எங்காவது வேலையில் உட்கார்ந்துவிட்டால், பிறகு பாலிசியை வைத்து ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம். அவளை இப்போதே எதற்குக் கலங்கடிக்க வேண்டும்? இந்தக் கணக்கில் ஓட்டையே இல்லை என்று அவர் நம்பியிருந்தார்.

இப்போது அவள் கூப்பிட்டு ‘நேர்ல சொல்றேன்’ என்கிறாள். எப்படியோ தெரிந்துபோய்விட்டது!

வீடு மூன்றாம் மாடி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே பள்ளிப் பையோடு மகள் ஏறி வந்தாள். பள்ளியில் கடைசி வருஷம். பேச்சுக்குப் பேச்சு குறுக்கே கேள்வி கேட்பதால் வீட்டில் அவள் பெயர் வக்கீல்.

“ஏம்ப்பா நிக்கறீங்க?”

“போன் பேசிட்டிருந்தேன்.”

“போன் எங்கே?”

“பையில.”

“பையில வச்சுக்கிட்டா பேசினீங்க?”

“ஏறு, ஏறு. வழியை மறிச்சுக்கிட்டு.”

அவள் முந்தி ஏறவில்லை. ஒரு படி பின்னாலேயே, அவர் வேகத்துக்கு வந்தாள். வேறெதுவும் கேட்கவும் இல்லை. வக்கீல் கேள்வி கேட்காமல் வந்ததுதான் அவருக்கு அதிகப் பயமாக இருந்தது.

கதவைத் திறந்த மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. மாஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டு வாங்குவதற்கு வாகாகக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

“நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க” என்றாள் அவள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இது அவர் சொல்ல வேண்டிய வசனம்!

அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். வங்கியில் எழுதிக் கொடுத்தது, மின்னஞ்சல், சிம், முப்பது நாள், சனிக்கிழமை, பாலிசி அக்கா, அஞ்சு மணி. பணம் கைப்பையில் தயாராக இருப்பதையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அவர் கத்துவதற்காகக் காத்திருந்தாள். இருபது வருஷத்தில் உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் கத்தியவர்.

“அப்ப, இப்ப பாலிசி இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

“கையெழுத்துப் போட்டா இருக்கும்.”

“சனிக்கிழமை வரைக்கும் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“சரி” என்றார். தண்ணீர் வேண்டும் என்றார். முழு டம்ளரையும் குடித்தார்.

‘எவ்வளவு நல்ல மனுஷர்! நான் இவ்வளவு பெரிய கோட்டை விட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே’ என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து நானாவது அவள் காதில் ஒன்று சொல்லியிருக்கலாம். கதை எழுதுகிறவளுக்கு அந்த வசதி இல்லை.

நாலு பத்துக்குப் பாலிசி அக்கா மூச்சிரைக்க வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள், உட்காரும்போதே பேனாவை எடுத்தாள்.

“தண்ணி, காப்பி ஒண்ணும் வேண்டாம். ஆபீஸ் இங்கேர்ந்து கால் மணி நேரம். நாலே முக்காலுக்கு நான் கீழே வண்டியில இருக்கணும்.”

பாலிசி மனைவியின் பெயரில் இருந்ததால் அவள் தாள் முதலில் வந்தது. ஒன்பது கேள்வி. சர்க்கரை? இல்லை. ரத்த அழுத்தம்? இல்லை. அறுவை சிகிச்சை? இல்லை. அக்காவின் பேனா இல்லை, இல்லை என்று சரசரவென்று இறங்கியது. கையெழுத்து விழுந்தது.

“இப்ப மாஸ்டர். ஒண்ணு, இல்லை. ரெண்டு, இல்லை...” அவள் அவரைக் கேட்கக்கூட இல்லை. பதினொரு வருஷமாகத் தும்மலுக்குக்கூடக் காப்பீட்டில் பணம் கேட்காத மனுஷர். ஒன்பதையும் டிக் அடித்துத் தாளை அவர் பக்கம் திருப்பினாள். “கீழே போடுங்க சார்.”

மாஸ்டர் தாளைப் படித்தார். தோலை வெட்டுவதற்கு முன் அவர் எப்போதும் இப்படித்தான், மேஜையில் விரித்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்ப்பார். ஏழாவது கேள்வியில் கண் நின்றது. *கடந்த ஆறு மாதங்களில் எந்தவொரு பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ மருத்துவர் உங்களுக்கு அறிவுறுத்தியது உண்டா?* இல்லை என்ற கட்டத்தில் அக்காவின் டிக் அழகாக உட்கார்ந்திருந்தது.

“சார், மணி நாலு இருபத்தஞ்சு.”

“ஏழாவதுல ஆமான்னு போடுங்கம்மா.”

“என்னது?”

“ஆமான்னு போடுங்க.” அவர் மனைவியைப் பார்க்கவில்லை. “பை கம்பெனியில நான் சேராததுக்குச் சம்பளம் காரணம் இல்ல. நெஞ்சுல கோளாறு இருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டார். உடனே பார்க்கணுமாம்.”

மகள், “மாடிப்படி” என்று முணுமுணுத்தாள்.

பாலிசி அக்கா பேனாவை மூடினாள். “சார், நீங்க சொன்னது என் காதுல விழல. நான் வெளியில போய் அஞ்சு நிமிஷம் நிக்கறேன். நீங்க பேசி முடிவு பண்ணுங்க.”

“இருங்கக்கா.” மனைவி அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் பக்கம் திரும்பினாள். “இல்லைன்னே இருக்கட்டும். போடுங்க.”

“ஏய்...”

“போடுங்கன்னா போடுங்க! ஊர்ல எல்லாரும் உண்மையையா எழுதறாங்க?” பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஆளின் அரை நாள் வருகையைக்கூட மாற்றி எழுதாதவள் அவள்.

மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். “போட்டா, நாளைக்கு டாக்டர்கிட்டப் போக முடியாது. போனா எப்பலேர்ந்து வலின்னு கேட்டு எழுதுவான். அந்தக் கம்பெனியில என் காகிதம் தேதியோட இருக்கு. பொய் சொன்னது நிலைக்கணும்னா ஆறு மாசம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வீட்ல உக்காரணும். முடியுமா சொல்லு.”

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையாட்டினாள்.

“பெரிய தொகைன்னா கிளறுவாங்கம்மா. பொய்னு தெரிஞ்சா அவருக்கு மட்டும் இல்ல, உங்க மூணு பேருக்கும் ரத்துதான்.”

“உண்மையை எழுதினா?”

“இன்னைக்கு எடுக்க மாட்டாங்க. மேலிடத்துக்குப் போகும், அங்கேர்ந்து ஆளு வரும், அவரைப் பார்த்துட்டுத் திருப்பி அனுப்புவாங்க. அதுக்குள்ள உங்க ரெண்டு பேருக்கும் பழைய பாலிசி போயிடும்.” கொஞ்சம் தயங்கினாள். “ஒரு வழி இருக்கு. சொல்லவே வாய் வரல. சார் பேரை எடுத்துட்டு, உனக்கும் பொண்ணுக்கும் மட்டும் இன்னைக்கே போட்டுடலாம்.”

“எடுத்துடுங்க” என்றார் மாஸ்டர், அவள் முடிக்கும் முன்பே.

“அப்பா!”

“நீ சும்மா இரு. எல்லாரும் நனையறதுக்கு ஒருத்தன் நனைஞ்சாப் போதும்.” முதல் பக்கத்தைத் திருப்பி, குடும்ப உறுப்பினர் பட்டியலில் தன் பெயரின் மீது தானே ஒரு கோடு போட்டார். நடுங்காத, நேரான கோடு. “இதுக்குப் பக்கத்துல நீ கையெழுத்துப் போடணும்.”

அவள் பேனாவை வாங்கவில்லை.

“எப்ப சொன்னார் அந்த டாக்டர்?”

“இப்ப அதுவா முக்கியம்?”

“எப்பன்னு கேட்டேன்.”

“ஒன்பது நாள் ஆச்சு.”

பத்தொன்பது வருஷம் நாள் கணக்குப் போட்ட மண்டை. விரல் விடாமலே அது போட்டு முடித்தது. ஒன்பது நாளைக்கு முன் என்றால் கெடு முடிந்த சனிக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை.

“அன்னைக்கு இன்னும் ஏழு நாள் பாக்கி இருந்துச்சு” என்றாள். “அன்னைக்குச் சொல்லியிருந்தீங்கன்னா நான் முதல்ல தேடியிருக்கறது பாலிசியைத்தான். அன்னைக்கே கட்டியிருப்பேன். எந்த ஃபாரமும் இல்ல, எந்தக் கேள்வியும் இல்ல.”

“நீ நிறுத்தினது எனக்குத் தெரியாதேம்மா. பாலிசி இருக்கேங்கற தைரியத்துலதான் நான் சொல்லவே இல்ல.”

இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் காப்பாற்றத்தான் பார்த்தார்கள். அந்த அழகில் கவிழ்த்துவிட்டார்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் வருகிறது.

“யார் மேல தப்புன்னு ராத்திரி பேசிக்கலாம்” என்றாள் வக்கீல். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். “இப்ப மணி நாலு நாற்பது.”

மனைவி பேனாவை வாங்கினாள். கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும் பேனாவை மேஜையில் வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாலிசி அக்கா பணத்தை எண்ணினாள். ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து மேஜையில் வைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், “ரெண்டு பேருக்கு இவ்வளவு போதும். இது சாரோட பங்கு” என்றாள். தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு மளமளவென்று படியிறங்கினாள். கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

மேஜையில் அந்த நோட்டுகள் கிடந்தன. அவரைக் குடும்பத்திலிருந்து கழித்ததில் மிஞ்சிய பணம்.

“பார்த்தியா” என்றார் மாஸ்டர், சிரிக்க முயன்றுகொண்டு. “பத்து வாரத்துல என்னால வீட்டுக்கு வந்த முதல் வருமானம்.”

மகள் சட்டென்று எழுந்து உள்ளே போனாள். அறைக் கதவு சாத்திக்கொண்டது.

மனைவி நோட்டுகளை எடுத்து எண்ணினாள். பழக்க தோஷம், இரண்டாவது தடவையும் எண்ணினாள். பிறகு அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்பது நாளில் முதல் தடவையாக அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். உதட்டோரம் வெளுத்திருந்தது. எப்படி இத்தனை நாள் பார்க்காமல் இருந்தேன் என்று இருந்தது அவளுக்கு.

“நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கிளம்பறோம். நானும் வர்றேன்.”

“அந்தப் பரிசோதனைக்கு இது கால்வாசிகூட ஆகாதும்மா.”

“தெரியும்.”

“அதுல ஏதாவது அடைப்புன்னு சொல்லிட்டான்னா?”

“அதுவும் தெரியும்.”

“பின்ன என்ன பண்ணப்போறே? யார்கிட்டப் போய் நிப்பே?”

“ஒன்பது நாள் நீங்க தனியா உக்காந்து யோசிச்சீங்க இல்ல?” என்றாள் அவள். “போய்ப் படுங்க. இந்த ஒரு ராத்திரி நான் யோசிச்சுக்கறேன்.”